தூரம் பார்க்கச் சொன்ன இடம்

கண் டொக்டர் ஜானெரே தந்தது மருந்தில்லை.
கிழமைக்கு ஒருக்கால் தூரம் பார்க்கவும் என்று
துண்டில் எழுதிக் கையெழுத்தும் வைத்துத் தந்தார்.
எத்தனை மில்லிகிராம் என்று கேட்க வாயெடுத்து
விட்டுவிட்டேன்.

பதினொரு வருசம்.
ஃப்ளூரியேயில், யன்னலோரத்து நாலாவது மேசையில்,
வலக்கண்ணில் பூதக்கண்ணாடிக் குவளை இறுக்கி
எள்ளைவிடச் சின்ன ஆணிகளை
மணிக்கூட்டு வயிற்றுக்குள் திருகுகிறவள் நான்.
மூச்சை அடக்கித்தான் திருகவேண்டும்.
ஒரு தும்மலில் அரைநாள் உழைப்பு பறந்துவிடும்.
பிறகு மேசை மேசையாய் எல்லாரும்
முழந்தாளிட்டுத் தேடுவோம்,
ஏதோ பூசை போல.

ஆக, ஞாயிறு, நுவாரேக்கில் கோச்சியால் இறங்கிப்
பதினாலு வளைவும் ஏறினேன்.
ஏழாவதில் ஒரு நாய் என்னை முந்தியது.
ஒன்பதாவதில் அதன் சொந்தக்காரி,
எண்பது வயதிருக்கும்,
"பிஸ்தாஷ், பிஸ்தாஷ்" என்று அதைக் கூப்பிட்டபடியே
எனக்கும் ஒரு போன்ஷூர் சொல்லி முந்தினா.
பன்னிரண்டுக்குப் பிறகு எண்ணுவதை விட்டேன்.
பதினாலு என்பது பலகை சொன்ன கணக்கு.

உச்சியில் காரை பூசாத கல்மதில்,
என் இடுப்புக்கும் வராது.
அதற்கப்பால் நாலைந்து அடி புல்.
புல்லுக்கப்பால் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்றால் உண்மையாகவே ஒன்றுமில்லை:
மலைக் கிண்ணம் முழுக்கப் புகார்,
ஆறின பாலில் ஆடை கட்டினதுபோல
அசையாமல்.

தூரத்துக்கு இன்று விடுமுறை.

மதிலோரம் பத்துப் பதினைந்து பேர்
வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
ஒருவரும் குறை சொல்லவில்லை. இந்த நாட்டில்
பிந்திவரும் கோச்சிக்குத்தான் முகம் சுளிப்பார்கள்.
ஒரு பெடியன் கல்லொன்றை எறிந்தான்.
எல்லாரும் காது கொடுத்தோம்.
சத்தம் வரவேயில்லை.
தாய் அவன் கையைப் பறித்துப் பிடித்தாள்.
அவளுக்கு மட்டும் கேட்டிருக்க வேண்டும்.

பாணைப் பிரித்துக் கடித்தபோதுதான் கவனித்தேன்,
இடக்கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன்.
பழக்கம்.
பார்க்கிற ஆட்கள்
இவ ஆருக்குக் கண்ணடிக்கிறா என்று நினைப்பினம்.

வரை என்றால் மலை. வரை என்றால் எல்லை.
வரை என்று ஏவினால், கோடு கீறு.
மூன்றையும் ஒரு சொல்லில் வைத்தவர்
இப்படியொரு விளிம்பில் நின்றிருக்க வேண்டும்,
அடுத்த அடிக்குச் சொல் போதாமல்.

புல் முடிகிற இடத்தில்
முதலில் இரண்டு கொம்பு வந்தது.
பிறகுதான் ஆடு.
வரையாடு, கிழட்டுக் கிடாய், தாடியில் ஈரம்.
பஸ்சுக்கு நிற்கும் சனத்தைப் பார்ப்பதுபோல
எங்களை ஒருதரம் பார்த்தது.
திரும்பி, ஒன்றுமில்லாததற்குள் காலை வைத்தது.
அங்கே அதற்கு ஒரு படி இருந்தது.
அதற்கடுத்ததும்.

அது போன வழியால் காற்று வந்ததோ என்னவோ,
புகார் ஒரு பக்கம் கிழிந்தது.
பாறை. பாறை. இன்னும் பாறை,
சாம்பலும் மஞ்சளுமாய் அடுக்கடுக்காய் வளைந்து
காலடியிலிருந்து ஒரே இறக்கம்.
அடியில் காடு, கரும்பச்சைப் பாசி போல.
அதற்கும் அப்பால் பள்ளத்தாக்கு, கூரைகள், வெயில்.
எல்லாரும் "ஓ" என்றார்கள்.
அந்த "ஓ" மட்டும் எந்த மொழியிலும் இல்லை.

நானும் டொக்டர் சொல் தட்டாமல் தூரம் பார்த்தேன்.
கண் கேட்டால்தானே?
அத்தனை பெரிய வெளியிலும் துழாவித் துழாவிக்
கோச்சியைப் பிடித்தது.
சிவப்பாய், ஓர் ஆணி நீளம்.
நின்றது. நகர்ந்தது.
மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்,
தும்மினால் தெறித்துவிடும் என்பதுபோல.

புகார் மறுபடி மூடிக்கொண்டது.
நான் மணிக்கூடு கட்டுவதில்லை.
எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று
நாய்க்காரியிடம் கேட்டேன்.
மணிக்கட்டைத் திருப்பி, நாலு நிமிசம் என்றா.
எங்கள் மேசையில் பிறந்ததா என்று
எட்டிப் பார்க்க மனம் உந்தியது. பார்க்கவில்லை.

நாலு நிமிசம், டொக்டர்.
அதில் மூன்றைச் சின்னதுக்கே செலவழித்துவிட்டேன்.

இறங்கும்போது வளைவுகளை ஒழுங்காக எண்ணினேன்.
பதின்மூன்றுதான் வந்தது.