ஆறாங்கட்டையில் ஒரு ம்

பலகை வியாழக்கிழமை வந்து சேர்ந்தது,
லோரியில், குப்புறப் படுத்தபடி.
பச்சைத் தகடு, வெள்ளை எழுத்து.
திருப்பிப் பார்த்த ஸாம்ரி
"அலாமாக்" என்று தலையில் கைவைத்தார்.
ரூமியில் எழுதியிருந்ததை வாசித்தால்
ஏகாபரம்.
ஒரு ம் இல்லை.

மூன்று கூட்டம் நடந்தது இதற்கு.
முதலாவதில், பெயரே எதற்கு,
ஆறாங்கட்டைப் பாலம் என்றால் பத்தாதா என்றார் ஒருவர்.
இரண்டாவது நாள் மழை, ஆள் சேரவில்லை.
மூன்றாவதில் மீன்கடை ஆ கியாவ் எழுந்து
தன் ஐசியை மேசைமேல் வைத்தார்.
"முப்பது வருஷம் இது சிவப்பு.
நீலமா மாத்திக் குடுத்தது அவருதான். வேற என்னா பேச்சு?"
வேறு பேச்சு இல்லை.
கூட்டக் குறிப்பு எழுதியவள் நான்.
எழுத்தெழுத்தாய்ச் சொல்லித்தான் அனுப்பினேன்.

பதிவிலாகாவில் மூன்றாவது சன்னல் அவருடையது.
பிள்ளை பிறந்தால் பதினாலு நாளுக்குள் பதிய வேண்டும்;
ஆறு அந்தச் சட்டத்தைப் படித்ததில்லை.
நவம்பரில் ஏறினால் டிசம்பர் கடைசிவரை இறங்காது.
அந்நாளில் அக்கரை டிவிஷனில் பிறந்ததெல்லாம்
காகிதத்தில் பிறக்காதவை.
பால் குடிக்கும், தவழும், அடி வாங்கும்,
ஏழு வயதில் பள்ளிக்கூட வாசலில் நிற்கும்,
உள்ளே போகாது.

ரெண்டு தென்னை மரத்தை நெடுக்கப் போட்டதுதான்
அப்போது பாலம்.
அதில் இலாகா மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார்,
ஃபாரங்களை உரமூட்டைப் பிளாஸ்டிக்கில் சுற்றி.
ஒருமுறை வண்டி ஆற்றோடு போயிற்று.
மைப்பெட்டி அவர் தலைமேல் இருந்தது.
வண்டிக்கு மட்டும்
சம்பளத்தில் பதினெட்டு மாதம் பிடித்தார்கள்.

என்னைப் பதிந்தபோது எனக்கு ஒன்பது வயது.
அம்மாவுக்குத் தேதி தெரியாது.
பெரிய வெள்ளம் வடிஞ்சு அடுத்த வாரம், என்றாள்.
ம், என்றார்.
மண்டோரு பொண்டாட்டிக்கும் அன்னைக்குத்தான் வலி.
ம்.
அன்னைக்குக் கடைக்குக் கருவாடு வந்திருந்துச்சுங்க.
ம், சொல்லுங்க.

கடைக்காரரின் பழைய கடன் ஏட்டைப் புரட்டி
கருவாடு இறங்கிய நாளைக் கண்டுபிடித்தார்.
அதுதான் என் பிறந்தநாள்.
செல்லக்கிளி என்று எழுதப் போனவர் நிமிர்ந்து
"ஒரு எல்லா, ரெண்டு எல்லா?" என்றார்.
அம்மா விழித்தாள்.
"நான் இப்ப தப்பாப் போட்டா
இவ பிள்ளை ஃபாரத்திலயும் அந்தத் தப்பு வரும்மா."
ரெண்டு எல் போட்டார்.
ரெண்டும் இன்னும் இருக்கின்றன.

திறப்பு விழாவைத் தள்ள முடியவில்லை.
பலகையைச் சாக்கால் மூடிவிட்டு
ரிப்பன் வெட்டினார்கள்.
மீகோரிங் கால்மணி நேரத்தில் தீர்ந்துபோனது.
நாகவள்ளி அக்கா சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.
நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன்.
"அவரு இருந்தா
மொதல்ல ஃபாரம் எங்கன்னு கேட்டிருப்பாரு," என்றார்.
கண் கலங்கவில்லை. கோபம்தான்.

ஆக, திங்கட்கிழமை காலை
திருத்தப் படிவம்.
தவறான பெயர். சரியான பெயர். இரண்டும் எழுதியாயிற்று.
காரணம் என்ற கட்டத்தில்
ஒரு விரற்கடை இடம் விட்டிருக்கிறார்கள்.
சன்னலுக்கு வெளியே
அக்கரையிலிருந்து செம்பனைக்குலை லோரிகள் வருகின்றன.
பாலத்து நடுவில் இரும்புப்பட்டை இணைப்பு ஒன்று;
பாரம் ஏறிய சக்கரம் அதைத் தாண்டும்போது
அடித்தொண்டையில்
ம், என்கிறது.
அடுத்த லோரி.
ம்.
பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு, ஓர் எழுத்து விடுபட்டுள்ளது, என்று நிரப்பி
மூன்று பிரதி எடுத்தேன்.
ஒன்று இலாகாவுக்கு, ஒன்று கோப்புக்கு.
ஒன்று நாகவள்ளி அக்காவுக்கு,
சரிபார்க்க வேண்டுமாம்.