நாற்பது வருடத் தாள்

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ஏலம் திறக்கும்.
நரிமன் முனையில் பதினான்காம் மாடி,
கண்ணாடியில் மழை பக்கவாட்டில் ஓடுகிறது.
திரையில் அந்தக் கோடு:
அரசுக் கடனின் வட்டி, முப்பது வருடச் சித்திரம்.

பக்கத்து நாற்காலி மெஹர்னோஷுக்கு
அதுதான் குடும்ப ஆல்பம்.
"பன்னிரண்டில் இருந்தபோது எனக்குக் கல்யாணம்.
இந்தப் பள்ளத்தில் வீட்டுக்கடன் வாங்கினேன்.
இந்த மேட்டில் ஷிரீன் ஆஸ்பத்திரியில்."
அவர் விரல் பட்ட இடமெல்லாம்
திரையில் எண்ணெய்ப் பிசுக்கு.

வட்டி ஏறினால் விலை இறங்கும்.
சேர்ந்த புதிதில் இதைத் தலைகீழாகவே படித்தேன்.
பிறகு டைமண்ட் தோட்டத்துச் சீசாவில்
ஒரு தடிப்பையனும் குட்டிப்பெண்ணும் ஆடக் கண்டு
விளங்கியது. அதுவும் பாதிதான்.
பலகை நீள நீள
நுனியில் இருப்பவளைச் சின்ன அசைவும் தூக்கி எறியும்.
நாற்பது வருடத் தாள் அந்த நுனி.
எங்கோ ஒரு நீரிணையில் எண்ணெய்க் கப்பல் நின்றால்,
நாசிக்கில் வெங்காயம் அழுகினால்,
யாரோ ஒரு அதிகாரி தன் வாக்கியத்தில்
"ஆனால்" என்று சேர்த்தால்
அவள் அந்தரத்தில்.

இன்று வாங்கச் சொன்னது ஒரு காப்பீட்டு நிறுவனம்.
இனி நடக்கப்போகும் சாவுகளுக்கு
இப்போதே சில்லறை மாற்றி வைப்பவர்கள்.
ஏழு புள்ளி இரண்டு மூன்று என்று தட்டினேன்.
முதிர்வு நாளில் எனக்கு எழுபத்து மூன்று வயது.
அசலைத் திருப்பித் தரப்போகிற செயலர்
இந்நேரம் ஏதோ பால்வாடியில்
மூக்கொழுக நின்றுகொண்டிருப்பார்.

மதியம் கோத்வானியின் செய்தி:
"ஒப்பந்தம் இம்மாதத்தோடு முடிகிறது.
பத்து சதவீதம் ஏற்றலாம்தானே?"
செம்பூரில் நான் வசிப்பது பதினோரு மாதத் தாளில்.
இது ஐந்தாவது புதுப்பிப்பு.

முடிவு வந்தது. ஏழு இருபத்தைந்தில் வெட்டியிருந்தார்கள்.
கேட்டதெல்லாம் கிடைத்தது;
இரண்டு புள்ளி கூடக் கேட்டிருக்கலாம்.
மெஹர்னோஷ் உச்சுக்கொட்டினார்.
இரண்டு புள்ளி, நாற்பது வருடம்.
நான் கணக்குப் போடவில்லை.

ரயிலில், தொங்கும் கைப்பிடியில் ஒரு கை,
மறுகையில் கோத்வானி.
"நாற்பது வருடத்துக்கு அரசாங்கமே
ஏழேகால்தான் தருகிறது" என்றேன்.
"அரசாங்கம் செம்பூரில் வீடு தேடுகிறதா, மேடம்?"

குர்லா தாண்டுவதற்குள் படிந்தது.
ஏழரை.
சனியேதான் என்றேன், தமிழில்.
அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.