என் பக்கம்

"நாயம் ஒன் பக்கந்தான் எமரிட்டா" என்றார்
சங்கத்துச் செயலாளர்,
டீ கிளாஸையும் என் பக்கம் நகர்த்தினார்.

செவ்வாய்க்கிழமை நாட்டுப்படகுக்கு உரிய நாள்.
தங்கச்சிமடத்தில் அது
நண்டுக்குக்கூடத் தெரியும்.
அன்றைக்குத்தான் ஜெரோனின் விசைப்படகு
பதினெட்டு வலையை அறுத்துக்கொண்டு போனது.
மிதவைகள் மட்டும் ரெண்டு நாள் கழித்துக் கரையேறின.
பந்தென்று நினைத்துப்
பிள்ளைகள் உதைத்து விளையாடினார்கள்.
என் மகளும்தான்.

மரைன் ஸ்டேஷன் ரைட்டரும் மறுக்கவில்லை.
"கேக்குறதுக்கு ஒங்களுக்கு உரிமை இருக்கும்மா,
தாராளமா கேளுங்க."
கேட்டேன், தாராளமாக.
பேனாவை உதறிப் பார்த்தார்.
வெள்ளைத்தாள் இல்லை, வாங்கி வரச் சொன்னார்.
முதல் பக்கத்தில் வலை,
அடுத்த பக்கத்தில் அதன் விலை.
அப்புறம் வந்ததெல்லாம் மேற்படி, மேற்படி.
மேற்படி என்பது நான்தான் என்று
வீட்டுக்கு வரும் வழியில் புரிந்தது.

ஏலக்கொட்டகையில் நம்புராஜன் முதலாளி
எச்சில் விரலால் நோட்டைப் புரட்டி
நாற்பத்தொன்றில் நிறுத்தினார்.
"இது ஒன் பக்கம், பாத்துக்க."
வலைக்கு வாங்கிய முன்பணம், ஐஸ், டீசல்,
மகளுக்குக் காது குத்திய அன்று வாங்கிய ஆறாயிரம்.
ஊர் முழுக்க எனக்குக் கொடுத்த நியாயத்தை
அதில் எங்கே வரவு வைப்பது என்று
கேட்க நினைத்தேன்.
அவரும் சொன்னார்:
"நாயம் ஒன் பக்கந்தான்.
அதுக்காக வட்டி நிக்குமா?"

கச்சான் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று
காது மடலே சொல்லிவிடும்.
இது அப்படியில்லை.
நாலு பேர் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.
சொல்லிவிட்டு அந்த நாலு பேரும்
அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.
வள்ளத்தில் எல்லோரும் ஒரே பக்கம் வந்தால்
என்ன ஆகும் என்று இன்னாசியைக் கேட்டேன்.
அவர் அறுந்த கயிற்றில்
முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.
"வள்ளத்துல ஏறுனாத்தானே" என்றார்.

இன்று காலை குழாயடியில்
முதல் ஆள் நான். நாலு மணிக்கே போய்விட்டேன்.
எனக்குப் பின்னால் ஜெரோன் பெண்டாட்டி பிரஸ்கா,
இடுப்பில் காய்ச்சல் பிள்ளை,
கையில் ஒரே ஒரு குடம்.
கேட்க வாயெடுத்தாள், மூடிக்கொண்டாள்.
"நீ பிடி எமரிட்டா, ஒன் மொற" என்றாள்
வரிசையில் யாரோ.
"இதுல என்ன தப்பு இருக்கு?"

தப்பே இல்லை.
முதல் குடம் நிறைந்தது.
இரண்டாவதை வைத்தேன்,
தண்ணீர் நூலாக விழுந்தது,
நானும் அவசரப்படவில்லை.
இனித்தது, பொய் சொல்வானேன்.
பிள்ளை என் முந்தானையைப் பிடித்து
வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.
சூடு துணி வழியாக என் மேல் ஏறியது.

மூன்றாவது குடமும் என் முறைதான்.
ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.
குழாயை மூடவும் இல்லை,
குடத்தை வைக்கவும் இல்லை.
தண்ணீர் சிமெண்டுத் தரையில் விழுந்து
வாய்க்காலைப் பார்த்து ஓடுகிறது.
வரிசை கத்துகிறது.