ஒரு நெல் ஆழம்

கம்பாயத்திலிருந்து சங்கு ஏற்ற வந்த மரக்கலம்
அடிப்பாரத்துக்குக் கிடந்த வெள்ளைப் பலகைக்கல்லைக்
கீழக்கரை மணலில் இறக்கிவிட்டுப் போனது.

மாடக்கண்ணு ஆசாரி தட்டிப் பார்த்தான்.
கருங்கல் என்றால் மணி பேசும்.
இது தொண்டையைச் செருமியது.
ஆண்கல்லா பெண்கல்லா, சொல்ல முடியவில்லை.
உளி வைத்தான். பொறி பறக்கவில்லை;
தேங்காய்ப் பத்தை போலப் பெயர்ந்தது விளிம்பு.
"இதற்குப் பாதிக் கூலிதான் கேட்கணும்" என்றான் மைத்துனன்.
"வாயை மூடு."

கருங்காலி முழக்கோலைக் கிடத்தினான்.
நான்கு சாண், ஏழு விரல்,
அதற்கு மேல் ஒரு நெல்.
எட்டு நெல் ஒரு விரல்; இந்த ஒற்றை நெல்
எந்த விரலிலும் சேராது.
வேறொரு கரையில் எவனோ
வேறொருவன் முழங்கையை வைத்து அறுத்த கல்.

எழுத்து வரைந்து தர வந்தார் உதுமான் லெப்பை.
அவரிடம் கோலில்லை, நாணல் எழுதுகோல் இருந்தது.
அதன் நுனி ஒரு முறை அழுத்திய சாய்சதுரப் புள்ளி,
அதுதான் அவர் அளவு.
"இந்த அலிஃப் ஏழு புள்ளி உயரம். இந்த வளைவு மூன்று."
ஆசாரி புள்ளியை விரலாக்கினான், விரலை நெல்லாக்கினான்,
செங்காவி தோய்த்த நூலை இழுத்துச் சுண்டினான்,
வலமிருந்து இடமாக.
ஓர் எழுத்தும் தெரியாது.
தெரியாததால் ஒன்றையும் ஊகிக்கவில்லை.

பதினோராம் நாள் கச்சான் காற்று. கண்ணில் மணல்.
உளி வழுக்கியது.
எழுத்தின் தலைக்கு மேல் ஒரு சில்லு தெறித்தது.

லெப்பை பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.
"கருணை என்று எழுதித் தந்தேன்.
இந்தப் புள்ளியோடு படித்தால் பிணந்தின்னிக் கழுகு."

ஆசாரி கொஞ்ச நேரம் சங்குக் குவியலைப் பார்த்தான்.
"எங்கள் எழுத்துக்குக் கல்லில் புள்ளியே வெட்டமாட்டோம்.
படிக்கிறவன் போட்டுக்கொள்வான்."
"இதில் விழுந்தது விழுந்ததுதான்."

சுண்ணாம்பு அப்பிவிடலாம் என்றான் மைத்துனன்.
உப்புக்காற்று இரண்டு மழைக்குள் தின்றுவிடும்,
கழுகு வெளியே வந்து உட்காரும்.

சில்லு போன குழியில் ஆசாரி ஒரு நெல்லை வைத்தான்.
தலை நிமிராமல் படுத்துக்கொண்டது.
மறுநாளிலிருந்து, விளிம்பை மட்டும் விட்டு,
கல் முழுவதும் ஒரு நெல் இறங்கத் தொடங்கியது.
பொளிந்து, தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்து, மறுபடி பொளிந்து,
எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல்
தண்ணீர் நிற்கும்வரை.
ஆழம் இழந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கீறினான்.
கூடுதலாகப் பத்தொன்பது நாள். கூலி, முதலில் பேசியதுதான்.

கழுகு தூளாகிக் கடலுக்குப் போயிற்று.

நான் பழுதுக் கணக்கெடுக்க
இரும்பு ஸ்கேலோடு போன ஆள்.
பள்ளிவாசல் நிலைக்கு மேல், ஏணியில் நின்று அளந்தேன்:
விளிம்பு உயரம், முகம் தாழ்வு,
வித்தியாசம் இரண்டரை மில்லிமீட்டர்.
'அலங்காரம்' என்று நோட்டில் எழுதினேன்.
அடித்தேன்.
ஆசாரி, லெப்பை, கச்சான் காற்று, அந்தக் கழுகு
எல்லாம் இந்த இரண்டரைக்கு மேல்
நானாகப் போட்டுக்கொண்ட புள்ளிகள்.
தப்பென்று சொல்லவும் ஆளில்லை.

'காரணம்' என்ற கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.
நாளை மதியத்துக்குள் கொடுக்க வேண்டும்.