விறகுக் கட்டு

பத்து ஆண்டுப் பதிவேட்டைப் பிரித்துவைத்துப்
பென்சில் கோடுகளாக எண்ணுகிறாள் அஸ்னகெச்.
நீர்க்கட்டி, சளிக்கட்டி, கருவணுக் கட்டி.
ஐந்தாவது கோடு
நாலையும் சேர்த்துக் கட்டும், விறகைப்போல.

கோண்டாரில் மின்சாரம் போய்விட்டது.
மைக்ரோஸ்கோப்பைச் சன்னலோரம் இழுத்து
அடிக்கண்ணாடியில் வெயிலைப் பிடிக்கிறாள்.
ஊதாவும் ரோஜா நிறமுமாய்
யாரோ ஒருத்தியின் அடிவயிறு.

எண் நானூற்றுப் பன்னிரண்டு. வயது பதினேழு.
கல்யாணமாகாதவளுக்கு வயிறு உப்பியதும்
ஊரே மாதக் கணக்குப் போட்டது.
பத்து மாதம் கடந்தும் ஒன்றும் பிறக்காதபோதுதான்
அண்ணன் பேருந்தில் ஏற்றினான்.
உள்ளே ஒரு பிடி முடி, கொழுப்பு,
முழுசாய் வளர்ந்த கடைவாய்ப்பல்.
‘தீங்கற்றது’ என்று எழுதினாள்.
ஊரைப் பற்றி எழுத
அந்தப் படிவத்தில் இடமில்லை.

எண் ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
வயது: நாற்பது இருக்கலாம்.
இரண்டு பக்கமும். குடல் மடிப்பு வரைக்கும்.
தெஃப் அறுப்பு முடியட்டும் என்று இருந்தாளாம்,
இரண்டு அறுப்பு.
முடிவு தயாரான நாளில்
அவள் தந்த எண் அணைந்திருந்தது.
நேற்றும் அணைந்திருந்தது.

எந்தக் கட்டத்தில் போடுவது என்பதில் சந்தேகமில்லை.
பென்சிலைச் சீவுகிறாள், தேவைக்கு மேலேயே.

முந்தின ஐந்தும் கட்டி முடிந்திருக்க,
அவள் கோடு தள்ளித் தனியே நிற்கிறது,
அடுத்த கட்டின்
முதல் விறகு.