தற்போதைய பயிர்

மணலி புதுநகர் இ-சேவை மையத்தில்
லாரி போகும்போதெல்லாம்
விரல்ரேகைக் கருவி
மேசைமேல் ஓரங்குலம் நகரும்.
இழுத்து வைப்பேன். அடுத்த லாரி.

தேசிங்கு வருகிறார், நைட் ஷிப்ட் முடித்து.
கன்டெய்னர் கழுவிய நுரை
கணுக்காலில் வெள்ளையாகக் காய்ந்திருக்கிறது.
கட்டைவிரலை லுங்கியில் துடைத்து வைக்கிறார்.
ஏற்கவில்லை.
ஆள்காட்டி. ஏற்கவில்லை.
"கெமிக்கல்ல போச்சும்மா ரேகை" என்கிறார்,
ஐம்பத்தாறு சி-யைத் தவறவிட்டவர் சொல்வதுபோல.
இடது மோதிரவிரல் ஏற்றது.

உழவர் உதவித்தொகை, பதினோராம் தவணை.
சர்வே எண் நூற்றுப் பதினாலு, உட்பிரிவு இரண்டு பி.
நாற்பது சென்ட். நஞ்சை.
திரை கேட்கிறது: தற்போதைய பயிர்?
பட்டியலைத் திறந்தால் நெல், கேழ்வரகு, எள்,
இந்தப் பக்கம் யாரும் கண்டிராத சூரியகாந்தி.
கன்டெய்னர் இல்லை.
பத்துத் தவணையும் நான்தான்
நெல் என்று அமுக்கினேன்.
புகையான் இல்லை, வறட்சி இல்லை,
என் கைராசியில் அமோக விளைச்சல்.

அவர் விற்கவில்லை.
அண்ணன் ராசவேலு தன் பாதியைக் கொடுத்தார்;
அளக்க வந்தவர்கள்
மொத்தத்தையும் வளைத்துச் சுவர் எழுப்பினார்கள்.
பொன்னேரி கோர்ட்டில் ஒன்பதாம் வருஷம்.
வக்கீல் குமாஸ்தாவுக்கு, ஜெராக்சுக்கு,
வாய்தா அன்றைய டிபனுக்கு
இந்த இரண்டாயிரம் போகும்.
அவர் கழுவுவதும் அந்த யார்டில்தான்.
இரண்டு பி, மூன்றாவது வரிசையின் அடியில் இருக்கிறது.
"நம்ம நெலத்துலதான் வேல பாக்குறேன்" என்று
ஒருமுறை சொல்லிவிட்டுச் சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு வர
கொஞ்ச நேரம் ஆனது.

இந்தத் தவணைக்குப் புது விதி:
பயிரோடு விவசாயி நிற்கும் படம்,
நின்ற இடம் தானே பதிவாக வேண்டும்.
கேட்டில் என்னை விடவில்லை.
என் போனை வாங்கிக்கொண்டு அவர் மட்டும் போனார்.
கூட வேலை பார்க்கும் ஒடிசா பையன் எடுத்த படம்:
சீன எழுத்துப் போட்ட சிவப்புப் பெட்டி,
முன்னால் இவர்,
ரேஷன் கார்டுக்கு நிற்பதுபோல்
கையை ஒட்டி வைத்துக்கொண்டு.

ஏற்றினேன்.
இடம் பொருந்துகிறது. பச்சை டிக்.
பயிர் தெளிவாக இல்லை, மீண்டும் முயற்சிக்கவும்.

வரிசையில் ஏகவல்லி.
கொசஸ்தலைக் கரையில் அரைக்கீரை போடுகிறவள்,
மகனின் சாதிச் சான்றிதழுக்காகக் காத்திருக்கிறாள்.
"என் பாத்தியில நின்னு எடுத்துக்க அண்ணே,
பச்சப்பசேல்னு விழும்."
விழும்தான்.
ஆனால் அது புறம்போக்கு.
பத்து வருஷமாகக் கீரை விளைகிறது,
ஏகவல்லி எந்தப் பட்டியலிலும் இல்லை.
சும்மா சொன்னாள். அவளுக்கும் தெரியும்.

தேசிங்கு யோசிக்கிறார்.
"மழைக்கப்புறம் எடுத்தா?"
எத்தனை லோடு ஜல்லி கொட்டினாலும்
மழைக்கு மூன்றாவது வரிசையில்
முழங்கால் தண்ணீர் நிற்குமாம்.
கொக்கு வந்து இறங்குமாம்.
பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில்
பேர் தெரியாத கோரை ஏதோ முளைக்குமாம்.
"தூரத்துலருந்து பாத்தா நாத்து மாதிரியே இருக்கும்மா."

கடைசி நாள் அக்டோபர் முப்பத்தொன்று.
இன்று இருபத்திரண்டு.
"அதுக்குள்ள பேயணும்" என்றேன்.

செருப்பை மாட்டியபடி வாசலில் நின்று
வானத்தைப் பார்க்கிறார்.
வருஷக்கணக்குக்கு அப்புறம்
இந்த நிலத்துக்காக
ஒருவர் மேகம் பார்க்கிறார்.

கருவியை இழுத்து வைக்கிறேன்.
"அடுத்து யாரு?"