வேலணையில் ஒரு மட்டமான இடம்

பண்ணைப் பாலம் கழிந்து அல்லைப்பிட்டி தாண்டமுன்
மூன்றாம் தடவையாக வண்டி யோசித்தது.
அமத்த அமத்த இரைச்சல் மட்டும்.
பிறகு பின்னால் ஆரோ உதைத்ததுபோல் ஒரு பாய்ச்சல்;
அலுமாரிக்குள் கோப்பைகள்
ஒன்றோடொன்று கொழுவிக்கொண்டன.

"கியர் ஒயில் காணாது" என்றார் இவர்.
காணாது காணாது என்றே
மூன்று கிழமை, கிழமைக்கு இருநூறு மில்லி.
விடியப்புறம், ஸ்ராட் பண்ணின கையோடு,
சூடேறாத எஞ்சினில் குச்சியை இழுத்து
மேல்கோடு மட்டும் ஊற்றியிருக்கிறார்.
முப்பது வருசம் கணிதம் படிப்பித்த மனிசன்.
குச்சியில் இரண்டு கோடு இருப்பதும்
கீழது குளிருக்கு, மேலது சூட்டுக்கு என்பதும்
அவருக்குத் தெரியும். கேட்டால் விரித்துரைப்பார்.

பழைய கோஸ்ரர் பஸ். சீற்றுகளைக் கழற்றி,
கட்டில் போட்டு, காஸ் அடுப்புப் பூட்டி
வீடு என்று நாங்கள் சொல்கிறோம்.
பொலிஸ் மறித்தால் வான் என்கிறோம்.

ஓடி வந்த சூடு போதும்.
இனி மட்டமான நிலம் வேண்டும்.
யாழ்ப்பாணத்திலா மேடும் பள்ளமும் என்று சிரிக்கலாம்.
அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கோப்பை பிளேன்ரீ வைத்தேன்;
றோட்டோரத்தில் அது யன்னல் பக்கம் சரிந்து நின்றது.
மீன் ஏலம் கூறுகிற சீமெந்துத் தரைக்குப் போனோம்.
கழுவின தண்ணீர் ஓட அதைச் சரித்தே கட்டியிருக்கிறார்கள்.
நேற்றிரவு கசூரினாக் கடற்கரையில்
நான் இவர் பக்கமே உருண்டு உருண்டு கிடந்ததற்கும்
காரணம் அப்போது விளங்கியது.
சொல்லவில்லை.

வேலணையில் ஒரு வொலிபோல் திடல்.
பிளேன்ரீ நாலு பக்கமும் ஒரே உயரத்தில் நின்றது.
"அக்கா, இந்தச் செற் முடியட்டும்" என்றான் ஒரு பொடியன்.
இருபத்திரண்டு, இருபத்தொன்று.
எஞ்சினை நிறுத்தாமல் கரையில் காத்திருந்தோம்.

பிறகு, பிறேக்கை மிதித்தபடி
பார்க், ரிவேர்ஸ், நியூற்றல், டிறைவ், இரண்டு, எல்.
ஒவ்வொன்றிலும் ஐந்து எண்ணி,
போன வழியாலேயே திரும்பப் பார்க்குக்கு.
ஹான்ட்பிறேக். எஞ்சின் ஓடட்டும்.
மூடியைத் தூக்கி, குச்சியை உருவித் துடைத்தேன்.
நூல் விடாத துணி: இவருடைய பழைய தலையணை உறை.
அடிமட்டும் செருகி, மறுபடி உருவினேன்.
சோளகம் வீசிக்கொண்டிருந்தது;
முதுகைக் காட்டி மறைத்துப் பிடித்தேன்.

மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை.
நெக்டோ நிறம். கருகின மணம் இல்லை.
ஆனால் நுரை,
பொங்க வைத்த பால் விளிம்பில் நிற்குமே, அப்படி.
காணாமல் இல்லை. கூடித்தான் திணறியிருக்கிறது.

இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
சேட்டில் துடைத்துப் போட்டுக்கொண்டு
"இன்னொருக்காப் பார்" என்றார்.
பார்த்தேன். அதே.

எஞ்சினை நிறுத்திவிட்டு என் பெட்டியைத் திறந்தேன்.
ஆஸ்பத்திரியை நான் விட்டாலும்
அறுபது மில்லிச் சிரிஞ்சும்
மூக்கால் சாப்பாடு கொடுக்கிற குழாயும் என்னை விடவில்லை.
குச்சி போகிற வழியால் குழாயை இறக்கி
மெல்ல இழுத்தேன். வெறும் நெக்டோப் போத்தலுக்குள்
நெக்டோ மாதிரியே ஏறியது.
பொடியள் பந்தை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள்.
ஒருத்தன் வாய்விட்டு எண்ணினான்.

மூன்று இருநூறு அறுநூறு. பத்துச் சிரிஞ்ச்.
இந்தக் கணக்கை மட்டும் இவர் சொல்லவில்லை.
ஐந்தில் ஒருதரம் நிறுத்தி, ஸ்ராட் பண்ணி,
கியரெல்லாம் போட்டு எடுத்து அளந்தோம்.
ஏழில் ஒருதரம்.
எட்டில், சூட்டுக் கோட்டோடு வந்து நின்றது.

"அப்ப, ரெண்டு சிரிஞ்ச்
உண்மையாவே குறைஞ்சுதான் இருந்திருக்கு" என்றார்.
"ஓம்" என்றேன்.
அது சரிதான்.

போத்தலில், குடிக்க வேண்டாம் என்று
மாக்கரால் இரண்டு பக்கமும் எழுதினேன்.
ஊர்காவற்றுறை றோட்டில் மூன்றாம் கியர்
விழுந்ததே தெரியவில்லை.
பிளேன்ரீயை இவர் குடித்தார். ஆறிப்போயிருந்தது.